ஜாடியில் ஏழு பிளந்த பூக்கள்

மாலை ஐந்து மணிக்குக் கையெழுத்துப் போடுவதாக லிஃப்ட் மெக்கானிக் ஒப்புக்கொண்டிருந்தார். வாக்குமூலத்தை இரண்டு பக்கத்தில் எழுதி வைத்துவிட்டார் இன்ஸ்பெக்டர். அவர் சேர்த்தது எதுவும் அதில் இல்லை. எல்லாம் மெக்கானிக் சொன்னதுதான்.

இப்போது மணி பன்னிரண்டேகால்.

“அஞ்சு மணி நேரம்கூட இல்ல சிஸ்டர்” என்றார் ஸ்டெப்னி, காரைத் தெருமுனையில் நிறுத்தியபடி. “பல்லு புடுங்கறதுக்கே முந்தின நாள் வந்து பேரு குடுக்கச் சொல்றாங்க.”

சிஸ்டர் இறங்கினார். பன்னிரண்டு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக நின்றவர். அங்கே எல்லார் முகமும் மூடியிருக்கும். கைகள் மட்டும்தான் பேசும். ஆளைக் கையை வைத்து எடை போடும் பழக்கம் அங்கே வந்தது. துப்பறியும் தொழிலுக்கு வந்து ஆறு வருடம் ஆகியும் அந்தப் பழக்கமும் போகவில்லை, ‘சிஸ்டர்’ என்ற பெயரும் போகவில்லை. ஸ்டெப்னி பழைய டாக்ஸி டிரைவர். வயது ஐம்பது. எங்கே போனாலும் பின்னாலேயே தொங்கிக்கொண்டு வருவதால் அந்தப் பெயரைத் தனக்குத் தானே வைத்துக்கொண்டவர்.

கதவைத் திறந்தது மெக்கானிக்கின் அக்கா. வழக்கை சிஸ்டரிடம் கொண்டுவந்தவர் அவர்தான். கண் வீங்கியிருந்தது. குரல் மட்டும் நேராக இருந்தது.

“சமையல்கட்டுல உட்கார்ந்திருக்கான். நான் கேட்டா சுவரைப் பார்க்கறான். நீங்க கேளுங்க. நான் மாடிக்குப் போய் துணி காயப் போடறேன். நான் பக்கத்துல இருந்தா என் தம்பி வாயே திறக்க மாட்டான்.”

சமையலறை சின்னது. ஜன்னல் விளிம்பில் வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெண்ணின் கையெழுத்தில் லேபிள். ஆணியில் மஞ்சள் கறை படிந்த வடிகட்டும் துணி. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மெக்கானிக்கின் மனைவி இறந்த இருபத்திரண்டு நாளாக யாரும் அதை நகர்த்தவில்லை. அதைச் சுற்றி வட்டமாகத் தூசி படிந்திருந்தது.

மெக்கானிக்குக்கு முப்பத்திரண்டு வயது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான் எல்லாம் சரியாகப் போட்டிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

கதை எளிது. அவர் மனைவி கல்லூரிக்காகக் காட்டுப்பூக்களைத் தேடி எடுத்து வகை பிரிப்பவர். டைஃபாய்டு வந்து படுத்தார். காய்ச்சல் போனது, பசி திரும்பவில்லை. படித்த காலத்திலிருந்து அவர் ஒரு மஞ்சள் காட்டுப்பூவைக் காயவைத்துக் கொதிக்கவைத்துக் குடிப்பார். அதைக் கேட்டார். எழுந்து போகத் தெம்பில்லாததால் கணவர் பறித்து வந்தார். நான்கு மாதம் தினமும் கொடுத்தார். கண் மஞ்சளாகியது. வயிறு வீங்கியது. ஈரல் போய்விட்டது என்றார்கள். பிறகு அவரும் போய்விட்டார். ஜாடியில் பாதியை எடுத்துப் போன போலீஸ், அதில் இரண்டு வகைப் பூ இருப்பதாகச் சொன்னது. ஒன்று சாது. மற்றது ஈரலைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும் விஷம்.

“பறிச்சது நீங்க மட்டும்தானா?” என்றார் சிஸ்டர்.

“நான் மட்டும்தான். வாய்க்கால் கரையில. வாரத்துக்கு ஒரு தடவை.”

“அடையாளம் யாரு சொல்லிக் குடுத்தாங்க?”

“அவதான். மஞ்சளா இருக்கறதெல்லாம் ஒண்ணு இல்லம்பா. முன்னாடி பார்த்தா எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், திருப்பி முதுகைப் பாரு, அங்கதான் குட்டு வெளிப்படும்பா. முதுகுல இலை மாதிரி அகலமா பச்சைச் செதில் இருந்தா பறி. குச்சி குச்சியா ஒரே வரிசையா இருந்தா தொடாதே.”

“பார்த்தீங்களா?”

“ஒவ்வொண்ணும்.” கொஞ்சம் நிறுத்தினார். “பார்த்தேன்னுதான் நினைச்சிட்டிருந்தேன். நான் லிஃப்ட் மெக்கானிக் சிஸ்டர். கயிறு பார்க்காம யாரையும் ஏத்தினது இல்ல. ஆனா ஜாடியில ரெண்டு வகை இருக்கு. வேற யாரும் பறிக்கல. அப்ப நான் பார்க்கலைன்னுதானே அர்த்தம்.”

“தம்பி, போலீஸே உங்களுக்கு எதிரா இவ்வளவு தெளிவா பேசல” என்றார் ஸ்டெப்னி.

மெக்கானிக் அவரைப் பார்த்தார். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

சிஸ்டர் செய்தித்தாளை விரித்து ஜாடியைக் கவிழ்த்தார். காய்ந்த பூக்கள் கொட்டின. கூடவே வெள்ளையாகக் கொஞ்சம் பஞ்சு பறந்தது. ஸ்டெப்னி தும்மினார்.

“இந்தப் பஞ்சு?”

“ரெண்டாவது மாசத்துல இருந்து இருக்கு. காய்ஞ்சா அப்படி ஆகும்போலன்னு நினைச்சேன். துணியில வடிகட்டிடுவேன்.”

சிஸ்டர் ஒவ்வொன்றாகத் திருப்பி இரண்டு குவியலாகப் பிரித்தார். அகலச் செதில் ஒரு பக்கம், குச்சிச் செதில் ஒரு பக்கம். பஞ்சு விட்டதெல்லாம் இரண்டாவது குவியலில் சேர்ந்தது. பாதி வேலையில் அவர் விரல் நின்றது. ஒரு பூவைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். காம்புப் பக்கத்திலிருந்து இரண்டாகக் கிழிந்திருந்தது. முழுதாகப் பிரியவில்லை. ஒரு ஓரம் ஒட்டிக்கொண்டு, திறந்த புத்தகம் மாதிரி விரிந்து காய்ந்திருந்தது. முதுகில் ஒரே ஒரு செதிலைக் காணோம்.

தேடினார். அதே மாதிரி ஏழு இருந்தது. ஏழும் விஷக் குவியலில். சாதுவான பூவில் ஒன்றுகூட இல்லை.

“இதை எதுக்குப் பிளந்தீங்க?”

“எதை?” மெக்கானிக் குனிந்து பார்த்தார். “நான் பிளக்கல. பறிப்பேன், காயவைப்பேன், ஜாடியில போடுவேன். பூவை எதுக்குப் பிளக்கணும்?”

“வீட்டுக்கு யார் யார் வந்து போனாங்க?”

“அக்கா வரும். பக்கத்து வீட்டு அம்மா. டாக்டர் ரெண்டு தடவை. அவகூட வேலை பார்த்த மேடம் ஞாயித்துக்கிழமை பழம் கொண்டு வருவாங்க. எல்லாரும் நல்லவங்க.”

“அதுதான் தம்பி சிக்கலே” என்றார் ஸ்டெப்னி. “கெட்டவங்க வந்தா நாம சமையல்கட்டுக் கதவைச் சாத்திடுவோம்.”

சிஸ்டர் ஏழு பூக்களைத் தனியாக ஒரு தாளில் மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். மீதியை வேறு பொட்டலமாகக் கட்டினார்.

“அஞ்சு மணிக்கு முன்னாடி கையெழுத்துப் போடாதீங்க.”

“போட்டா என்ன சிஸ்டர்? இன்னிக்கு இல்லைன்னா நாளைக்கு.”

“நாளைக்குப் போட வேண்டாம்னு ஆயிடலாம்.”

“அப்படி ஆனா நான் எங்க போறது?” என்றார் மெக்கானிக். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

*

வாய்க்கால் கரையில் நிழலே இல்லை. தண்ணீர் கால்பாகம் ஓடியது. கரை முழுக்க மஞ்சள்.

ஸ்டெப்னி ஒரு பக்கம், சிஸ்டர் ஒரு பக்கம். குனிந்து, திருப்பி, விட்டு, அடுத்தது. முக்கால் மணி நேரம்.

“நூத்திப் பதினேழு பூவோட முதுகைப் பார்த்துட்டேன்” என்றார் ஸ்டெப்னி இடுப்பைப் பிடித்துக்கொண்டு. “அத்தனையும் ஒரே முதுகு. என் முதுகு மட்டும்தான் வேற மாதிரி ஆயிடுச்சு.”

“குச்சிச் செதில்?”

“ஒண்ணுகூட இல்ல. அந்தப் பாலம் வரைக்கும் போய்ப் பார்த்துட்டேன். நாலு மாசமா வாரா வாரம் பறிச்சாலும், இந்தக் கரையில இல்லாததை அந்தப் பையன் எப்படிப் பறிப்பான்?”

“பறிக்கல.”

“அப்ப ஜாடிக்குள்ள எப்படி வந்துச்சு? நடந்தா?”

“பூவைப் பிளந்து பார்க்கற பழக்கம் உள்ளவங்க கொண்டு வந்திருக்காங்க. நீங்களோ நானோ பூவை மோந்து பார்ப்போம். பிளக்க மாட்டோம்.”

ஸ்டெப்னி காருக்குத் திரும்பும் வழியில் வேலியோரம் நின்ற ஒரு ஊதாப் பூவைக் காம்போடு கிள்ளினார். குஞ்சம் மாதிரி இருந்தது.

“இது எதுக்கு?”

“என் சம்சாரத்துக்கு.”

“குடுங்க. எனக்கு வேலை இருக்கு.”

“முப்பது வருஷத்துல முதல் தடவையா ஒரு பூ பறிச்சேன்” என்றார் ஸ்டெப்னி. கொடுத்துவிட்டார்.

*

கல்லூரியின் பின்கட்டில் உலர்ந்த செடிகளைப் பாதுகாக்கும் அறை. சுவர் நெடுக இரும்பு பீரோக்கள். உள்ளே ஆயிரக்கணக்கான தாள்கள், ஒவ்வொன்றிலும் அழுத்திக் காயவைத்துத் தைத்த ஒரு செடி. பூச்சி உருண்டை நெடி மூக்கைப் பிடித்தது.

“எங்க வீட்டு பீரோவுக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு” என்று முணுமுணுத்தார் ஸ்டெப்னி.

அந்த அறைக்குப் பொறுப்பான காப்பாளருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பழம் இவருடையதுதான். மெக்கானிக்கின் மனைவி பெயரைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“என்கிட்ட படிச்சவ. அப்புறம் என்கூடவே வேலை பார்த்தவ. பொண்ணு மாதிரி.”

மேஜையில் அச்சகத்திலிருந்து வந்த பக்கங்கள் கிடந்தன. சூரியகாந்திக் குடும்பத்துக் காட்டுப்பூக்களைப் பற்றிய கையேடு. அட்டையில் இரண்டு பெயர்கள். ஒன்று காப்பாளர், ஒன்று இறந்தவர்.

சிஸ்டர் பெரிய பொட்டலத்தை மட்டும் அவிழ்த்தார். காப்பாளர் ஒரு பார்வைதான் பார்த்தார். இரண்டையும் நொடியில் பிரித்தார். இரண்டுக்கும் நீளமான பெயர்கள் சொன்னார். ஸ்டெப்னிக்கு அதில் பாதிதான் காதில் ஏறியது.

“ரெண்டும் பார்க்க ஒரே பூ மாதிரி இருக்கே மேடம்” என்றார்.

“முதல்ல இது பூவே இல்ல. ஒரு கூட்டம். ஓரத்துல நாக்கு மாதிரி நீட்டிட்டு இருக்கே, அது ஒவ்வொண்ணும் தனித்தனிப் பூ. நடுவுல பொடியா இருக்கறதும் ஒவ்வொண்ணும் ஒரு பூ. நூறு பூ சேர்ந்து ஒரு பூ மாதிரி வேஷம் போடுது.”

“அப்ப நான் கட்டின புதுசுல சம்சாரத்துக்கு ஒத்தைப் பூ வாங்கிக் குடுத்தது மொத்தம் நூறா? இது தெரியாம இன்னிக்கும் கஞ்சன்னு சொல்றா.”

காப்பாளர் லேசாகச் சிரித்தார். “பாவம், அந்தப் பையன். தெரியாம பறிச்சிருக்கான். ரெண்டும் ஈர மண்ணுல பக்கத்துல பக்கத்துலதான் வளரும். பழகினவங்களே ஏமாறுவாங்க. போலீஸ்கிட்ட நானே வந்து சொல்றேன். வேணும்னு செஞ்சது இல்லைன்னு எழுதித் தரேன்.”

ஸ்டெப்னி சிஸ்டரைப் பார்த்தார். இடுப்பு இன்னும் வலித்தது. பக்கத்தில் பக்கத்தில் எதுவும் வளரவில்லை.

சிஸ்டர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஊதாப் பூவை மேஜையில் வைத்தார். “வர்ற வழியில பார்த்தோம். இதுவும் அந்தக் குடும்பம்தானா?”

“இதுவா?” காப்பாளர் எடுத்தார். பேசிக்கொண்டே திருப்பினார். முதுகிலிருந்து ஒரு செதிலைக் கிள்ளி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் போட்டார். வலது கட்டைவிரல் நகம் மற்ற நகங்களைவிடக் கொஞ்சம் நீளம். அதைக் காம்புப் பக்கம் நுழைத்து மேல்நோக்கி ஒரு இழு. பூ இரண்டாகப் பிளந்தது. ஓரம் மட்டும் ஒட்டியிருக்க, புத்தகம் மாதிரி விரித்து வைத்தார். எல்லாம் மூச்சு விடுவது போல நடந்தது.

“இதுவும் அந்தக் குடும்பம்தான். இதுல ஓரத்து நாக்கு கிடையாது, அவ்வளவுதான்.”

சிஸ்டர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “அழகாப் பிளக்கறீங்க. அவங்களும் இப்படித்தான் பிளப்பாங்களா?”

“அவளா? கையால தொட விடமாட்டா. எப்பவும் பிளேடுதான். நகம் வெச்சா உள்ள இருக்கறது நசுங்கிடும் மேடம்னு என்கூட எத்தனை சண்டை.” எழுந்து ஒரு பீரோவைத் திறந்து ஒரு தாளைக் கொண்டுவந்தார். “பாருங்க, இது அவ செஞ்சது.”

தாளில் தைத்த செடிக்குப் பக்கத்தில் நேர்க்கோடாக வெட்டிய ஒரு பூ. இரண்டு பாதியும் தனித்தனியாக, சுத்தமாக.

சிஸ்டர் கைப்பையைத் திறந்தார். மடித்த தாளை எடுத்து, ஊதாப் பூவுக்குப் பக்கத்தில் பிரித்து வைத்தார்.

ஏழு பூக்கள். காம்பிலிருந்து கிழித்தவை. புத்தகம் மாதிரி விரிந்தவை. ஒவ்வொன்றிலும் ஒரு செதில் குறைவு.

“இது அவங்க ஜாடியில இருந்துச்சு” என்றார் சிஸ்டர். “விஷப் பூ மட்டும்தான் பிளந்திருக்கு. நல்ல பூ எல்லாம் முழுசு.”

காப்பாளர் குனிந்து பார்த்தார். நிதானமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“இருபத்தாறு வருஷமா பாடம் எடுக்கறேன். இப்படிப் பிளக்க நூறு பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். அந்த நூறு பேரையும் கேளுங்க.”

“அந்த நூறு பேரும் ஞாயித்துக்கிழமை பழம் கொண்டு போகல” என்றார் ஸ்டெப்னி.

“பழம் கொண்டு போறது குத்தமா?”

“இல்ல மேடம்” என்றார் சிஸ்டர். “காரணம் இல்லாம யாரும் எதுவும் செய்ய மாட்டாங்க. எனக்கு அது மட்டும்தான் தெரியல.”

காப்பாளரின் தோள் கொஞ்சம் தளர்ந்தது. ஜெயித்தவரின் தளர்ச்சி.

ஸ்டெப்னி அதற்குள் மேஜையிலிருந்த பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் படம் இருந்தால் போதும். “சிஸ்டர், இங்க பாருங்க. எல்லாப் பூவுக்கும் கீழ ரெண்டு பேர் பேரும் இருக்கு. இந்தக் குட்டைப் பூவுக்கு மட்டும் மேடம் பேர் தனியா இருக்கு. பக்கத்துல ‘புதிய இனம்’னு போட்டிருக்கு.”

“நான் கண்டுபிடிச்சது” என்றார் காப்பாளர். குரல் மாறியிருந்தது.

“அந்தச் செடியோட தாளைப் பார்க்கலாமா?” என்றார் சிஸ்டர்.

“அது தனி பீரோ. பூட்டியிருக்கு.”

சிஸ்டர் கையை நீட்டினார். அவ்வளவுதான். நீட்டிய கை அங்கேயே நின்றது. காப்பாளர் அதைப் பார்த்தார், ஏழு பூக்களைப் பார்த்தார், இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தார். மறுத்தாலும் பதில் சொன்ன மாதிரிதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பீரோவில் சிவப்பு உறைக்குள் ஒரே ஒரு தாள். சாண் உயரச் செடி, மூன்று மஞ்சள் பூக்கள். கீழே பெரிய லேபிளில் காப்பாளரின் பெயர். அதற்கு மேலே தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்தது. ஜன்னல் விளிம்பு ஜாடிகளில் பார்த்த அதே கையெழுத்து.

சிஸ்டர் படித்தார். “‘புதிய இனம் அல்ல. ஆடு மேய்ந்து குட்டையாகிப்போன சாதாரணச் செடி. பூவின் முதுகை ஒப்பிட்டுப் பார்க்கவும்.’ கீழே அவங்க பேர். தேதி, டைஃபாய்டுல படுக்கறதுக்கு மூணு வாரம் முன்னாடி.”

“இது என்ன மேடம், செடிக்கு மேல துண்டுச் சீட்டு?” என்றார் ஸ்டெப்னி.

காப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். பாடம் எடுப்பது போலத்தான் பேசினார்.

“ஒருத்தர் வெச்ச பேர் தப்புன்னு இன்னொருத்தருக்குத் தெரிஞ்சா, பழைய லேபிளைத் தொடக்கூடாது. பக்கத்துல சீட்டு ஒட்டணும். பேர், தேதி போடணும். அது அந்தத் தாள் இருக்கற வரைக்கும் இருக்கும்.”

“ஆளையே மேல அனுப்பிட்டீங்க” என்றார் ஸ்டெப்னி மெதுவாக. இந்த முறை அவர் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. “இந்தச் சீட்டைப் பிய்க்க மனசு வரலையா?”

“ஒட்டின சீட்டைப் பிய்க்கறதா?” காப்பாளர் நிமிர்ந்தார். முதல் முறையாகக் கோபம் தெரிந்தது. “அந்த ஈனப் புத்தி எனக்குக் கிடையாது. இந்த அறையில யாரும் அதைச் செஞ்சது இல்ல.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. சிஸ்டர் காத்திருந்தார். தியேட்டரில் பழகிய பொறுமை.

“இருபத்தாறு வருஷம் அடுத்தவங்க கண்டுபிடிச்ச பூவுக்கு லேபிள் ஒட்டினேன்” என்றார் காப்பாளர் கடைசியில். “ஒண்ணே ஒண்ணு எனக்குன்னு கிடைச்சுது. அதுக்கு எங்க அப்பா பேரை வெச்சேன். புத்தகம் வெளிய வரட்டும், ஒரு வருஷம் பொறுத்துக்கோன்னு கேட்டேன். தப்புன்னு தெரிஞ்சதை அச்சடிக்கக் கூடாது மேடம்னா. அது நான் சொல்லிக் குடுத்த பாடம்.”

“விஷப் பூ?”

“மலைச்சரிவுல இருக்கும். தனியாப் போய்ப் பறிச்சேன்.”

“ஏழு பூவை ஏன் பிளந்தீங்க? முழுசாப் போட்டிருந்தா நான் இங்க வந்திருக்கவே மாட்டேன்.”

“நிச்சயமாத் தெரியணும் இல்லையா? ஒவ்வொரு தடவை பறிக்கும்போதும் ரெண்டு மூணைப் பிளந்து பார்ப்பேன்.” காப்பாளர் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார். “சரியா அடையாளம் பார்க்காம நான் எதையும் எடுக்கறதில்ல.”

சிஸ்டர் தாளைச் சிவப்பு உறைக்குள் திரும்ப வைத்தார். ஸ்டெப்னி வெளியே போய் இன்ஸ்பெக்டருக்கு போன் செய்தார். அங்கேயே மரத்தடியில் நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை.

*

ஸ்டேஷனில் மணி நாலு நாற்பது. மெக்கானிக் முன்கூட்டியே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அக்கா. சிஸ்டர் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார். பெரிதாக்கவும் இல்லை, குறைக்கவும் இல்லை. யார், எதனால், எப்படி. நர்ஸாக இருந்தபோது வராந்தாவில் காத்திருக்கும் குடும்பங்களுக்குச் சொல்லும் அதே குரல்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மெக்கானிக் முழுவதும் கேட்டார். பிறகு கேட்டார்: “அப்ப நான் பறிச்சதெல்லாம் சரியான பூதானா?”

“எல்லாமே சரியான பூதான். ஒண்ணுகூடத் தப்பில்ல.”

“மேடம் வர்றப்ப அவளுக்குச் சந்தோஷமா இருக்கும். எழுந்து உட்காருவா. ரெண்டு பேரும் பேசட்டும்னு நான் கடைக்குப் போயிடுவேன்.”

சிஸ்டர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார்.

“காய்ஞ்ச பூவை அவ ஒரு தடவை பார்த்திருந்தா கண்டுபிடிச்சிருப்பா இல்ல சிஸ்டர்? நான் வடிகட்டி டம்ளர்லதான் கொண்டு போய்க் குடுத்தேன்.”

சிஸ்டர் வாயைத் திறந்தார். அவர் பொய் சொல்ல மாட்டார் என்பது ஸ்டெப்னிக்குத் தெரியும்.

“முடியாது தம்பி” என்றார் ஸ்டெப்னி முந்திக்கொண்டு. “காய்ஞ்சுட்டா யாராலயும் முடியாது. அந்த மேடமே தடுமாறினாங்க. நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்.”

சிஸ்டர் அவரைத் திருத்தவில்லை. மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பினாரா இல்லையா என்று சொல்ல முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் இரண்டு பக்க வாக்குமூலத்தை எடுத்து நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். புதிதாக ஒரு தாளை நீட்டினார்.

“இப்ப நீங்க சாட்சி. உங்க கையால எழுதுங்க. என்ன குடுத்தீங்க, எப்பக் குடுத்தீங்க, அதை மட்டும்.”

மெக்கானிக் பேனாவை வாங்கினார். எழுத ஆரம்பித்தார். ‘என் மனைவிக்குக் காய்ச்சல் விட்ட பிறகு, தினமும் காலை ஏழு மணிக்கு, நான் என் கையால்...’ நிறுத்தாமல் எழுதினார். கிழித்துப் போட்டதில் இருந்த அதே வார்த்தைகள், அதே வரிசை. எதையும் மாற்ற வேண்டிய தேவை வரவில்லை. இரண்டாவது பக்கத்தின் அடியில், பழைய வாக்குமூலத்தில் ‘ஆகவே’ என்று தொடங்கிக் குற்றத்தை ஒப்புக்கொண்ட இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

“இதுக்கு மேல என்ன எழுதணும்?”

“அவ்வளவுதான்” என்றார் இன்ஸ்பெக்டர். “மீதியை நாங்க எழுதிக்கறோம்.”

“அவ்வளவுதானா?”

“கையெழுத்து மட்டும் போடுங்க.”

அக்கா தம்பியின் முதுகில் கை வைத்தார். அவர் தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சுவர்க்கடிகாரம் ஐந்தைத் தாண்டியது. பேனா இன்னும் கையில்தான் இருந்தது.